வரிசையில் நிற்கிற கடிதம்

காகிதம் வைத்திருப்பாரா, இன்னும் வைக்கவில்லையா என்பதுதான் இப்போது இசக்கியம்மாளுக்கு உலகத்திலேயே பெரிய கேள்வி. வண்ணார்பேட்டையில் ஒரு டயர் கடைக்கு மேலே, கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டரின் வெளி அறையில், மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளில் நடு நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவர்கள் கொடுத்த விண்ணப்பப் படிவம், கையில் பேனா, மூக்கில் டயர் ரப்பரின் நெடி. சுவரில் மணி பத்தே கால். இதே நேரம் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே பொன்னையா அண்ணாச்சி தன் ஜெராக்ஸ் கடையைத் திறந்து, சாம்பிராணி போட்டு, நாலு மூலைக்கும் புகை காட்டிவிட்டு, கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருப்பார். எட்டு வருஷமாகப் பார்க்கிற காட்சி, இங்கிருந்தே கண்ணுக்குத் தெரிந்தது. முதலில் ஒன்றாம் நம்பர், அப்புறம் இரண்டு. மூன்றாம் நம்பர் எழும்ப நேரம் எடுக்கும், அதனால் அதன் எதிரே கொஞ்சம் நிற்பார், கழுத்தைச் சொறிவார், தெருவைப் பார்ப்பார். பிறகு பிரிண்டர் தட்டைப் பார்ப்பார். தட்டு காலி. காகிதம் வைப்பது அவர் வேலை இல்லை, இசக்கியின் வேலை, ஆனால் இன்றைக்கு இசக்கி இல்லை. அவள் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அதனால் அவரே அலமாரியைத் திறந்து, கட்டைப் பிரித்து, எண்ணிப் பத்துத் தாளை உருவி, தட்டி ஒழுங்காக்கி, தட்டில் வைப்பார். பத்துத்தான் வைப்பார். மொத்தமாக வைத்தால் மெஷின் ருசி கண்டுவிடும் என்பது அவர் கட்சி. வைத்ததும் என்ன நடக்கும் என்பது இசக்கியம்மாளுக்குத் தெரிந்த அளவு ஊரில் யாருக்கும் தெரியாது. கொடுத்த பிரிண்ட் வரவில்லை என்றால் அது தொலைந்து போய்விட்டது என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். தொலைவதில்லை. அது கம்ப்யூட்டருக்குள் வரிசையில் நின்றுகொண்டே இருக்கும். கம்ப்யூட்டரை அணைத்தாலும் நிற்கும், மறுநாள் போட்டாலும் நிற்கும். காகிதம் வைத்த நிமிஷம், நேற்றுக் கேட்டீர்களே என்று வந்து விழும். அப்படி வந்து விழப் போவது அவளுடைய கடிதம். வேலை கேட்டு அவள் எழுதிய கடிதம், அண்ணாச்சியின் கையில், அண்ணாச்சியின் காகிதத்தில்.

எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள், ஒரு தடவை அமுக்கினால் போதும், வரவில்லை என்றால் முதலில் கேன்சல் பண்ணுங்கள், அப்புறம் மறுபடி கொடுங்கள் என்று. பிரிண்டருக்கு மேலே 'ஒரு முறை மட்டும் அழுத்தவும்' என்று கொட்டை எழுத்தில் அடித்து ஒட்டியதே அவள்தான். அந்த அறிவிப்புக்கு நேர் கீழே, மூன்றாம் நம்பரில் உட்கார்ந்துதான் நேற்று சாயங்காலம் அமுக்கினாள். வரவில்லை. மறுபடி அமுக்கினாள். கண் பிரிண்டரில் இருந்திருந்தால் காகிதம் தீர்ந்துவிட்டது என்று தெரிந்திருக்கும், ஆனால் கண் வாசலில் இருந்தது, அண்ணாச்சி டீ வாங்கிக்கொண்டு எப்போது திரும்புவார் என்று. அமுக்கிக்கொண்டே இருந்தாள். இருபது தடவையா, முப்பதா, சாமி சத்தியமாக நினைவில்லை. அப்புறம் அவர் வந்தேவிட்டார். இரண்டு டீ, ஒன்று அவளுக்கு, சர்க்கரை குறைவாக, அவளுக்குப் பிடித்த மாதிரி. எந்திரி பிள்ளை, மக பேரன் போட்டோ அனுப்பியிருக்காளாம், பெரிசாப் பாக்கணும் என்று மூன்றாம் நம்பரிலேயே வந்து உட்கார்ந்தார். கடிதத்தை மூட மட்டும்தான் அவளுக்கு நேரம் கிடைத்தது. வரிசையைத் துடைக்க இரண்டு அமுக்கு போதும், அந்த இரண்டு அமுக்குக்கு வழி இல்லாமல் அவள் பக்கத்தில் டீயோடு நின்றாள், பேரன் தவழ்ந்தான், பேரன் மண்ணைத் தின்றான், பேரன் மறுபடி தவழ்ந்தான், கடை சாத்துகிற நேரம் வந்தது, அண்ணாச்சி தன் கையாலேயே கம்ப்யூட்டரை அணைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். ராத்திரி முழுக்க அது உள்ளேயே நின்றது. காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதோ ஒரு கடையில் முன்பே போனில் ஏற்றி வைத்திருந்த அதே கடிதத்தை அனுப்பிப் பிரிண்ட் எடுத்தாள். எட்டு வருஷத்தில் முதல் தடவை கவுண்டருக்கு இந்தப் பக்கம். எடுத்துக் கொடுத்த ஆள் அவளுடைய ஃபைலை அழித்தானா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். ஊரான் கடையில் இவ்வளவு உஷார். தன் கடையில் கோட்டை விட்டாயிற்று. தன் கடை, என்ன தன் கடை. பார், இன்னும் அப்படித்தான் வாயில் வருகிறது.

கடிதம் போனால் போகட்டும், அந்த ஒரு வரி இல்லாமல் இருந்திருந்தால். வேறு வேலை தேடுகிறாள் என்று தெரிந்தால் மனுஷன் வருத்தப்படுவார், இரண்டு நாள் பேச மாட்டார், அவ்வளவுதான். அந்த வரியைத்தான் அவர் கண்ணில் காட்ட முடியாது. முதலில் 'தற்போதைய சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை' என்று அடித்தாள். உண்மை. ஆனால் அதைப் படித்தபோது யாரோ கையேந்துகிற மாதிரி இருந்தது, அழித்தாள். அந்த இடத்தில், யோசிக்காமல், விரல் தானாகப் போய், 'ஆனால் அங்கே நான் செய்யும் வேலைக்கு மதிப்பில்லை' என்று அடித்தது. அடித்துவிட்டுப் பார்த்தாள். அழிக்க மனம் வரவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் வக்கீல் குமாஸ்தா ஒருவர் உயிர் போன கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார், அவள் திறந்து, துடைத்து, ஒரு வயரை மாற்றிச் சொருகிப் பத்து நிமிஷத்தில் எழுப்பிக் கொடுத்தாள். யாருய்யா பார்த்தது என்று குமாஸ்தா கேட்டதற்கு அண்ணாச்சி சிரித்தார், நம்ம கடையில எல்லாம் பாத்துருவோம் என்றார். அவள் எதிரேதான் நின்றாள், கையில் ஸ்குரூ டிரைவரோடு. குமாஸ்தா அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதில் ஒன்றும் தப்பில்லை என்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் தனக்குத்தானே சொன்னாள். தப்பில்லை, தப்பில்லை என்று மேலப்பாளையம் தாண்டுகிற வரைக்கும் சொன்னாள். அவ்வளவு தடவை சொல்ல வேண்டி வந்தது என்றால் என்ன அர்த்தம்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். திட்டுகிற முதலாளி, முறைக்கிற முதலாளி, கை நீளுகிற முதலாளி என்றால் ஒரே நாளில் தூக்கி எறிந்துவிட்டு வரலாம், ஊரும் மெச்சும். இவர் அப்படி இல்லையே. தீபாவளிக்குத் தன் மகளுக்கு எடுக்கிற கடையிலேயே இவளுக்கும் சேலை எடுப்பார். அம்மா மயங்கி விழுந்த அன்றைக்கு ஆட்டோ பிடித்து அனுப்பி, பின்னாலேயே தன் பெண்சாதியை, இவள் மதினி என்று கூப்பிடுகிறவளை, அனுப்பியவர். சம்பளம் என்று வாயைத் திறந்தால்தான் காது அடைத்துக்கொள்ளும். மூன்று தடவை கேட்டிருக்கிறாள். முதல் தடவை, இரண்டாவது பிரிண்டர் வாங்கி அதை அவள் ஓட வைத்த நாளில். நம்ம வீட்டுப் பிள்ளைகிட்ட என்ன கணக்கு என்றார், சந்தோஷமாக. அந்த சந்தோஷத்துக்கு எதிரே மேற்கொண்டு என்ன பேச. இரண்டாவது தடவை கேட்டதை வீட்டில் போய்ச் சொன்னார் போல, மறுநாள் மதினியிடமிருந்து தூக்குச்சட்டியில் மீன்குழம்பு வந்தது, நல்ல சீலா மீன். அம்மாவும் அவளும் மூன்று வேளை வைத்துச் சாப்பிட்டார்கள். மூன்றாவது தடவை, போன பங்குனியில், அவர் முகம் சுருங்கிவிட்டது. ஒனக்கு நான் ஏதாவது குறை வச்சிருக்கனா என்று கேட்டார். குறை வைத்திருக்கிறீர்கள் என்று எந்த நாக்கு சொல்லும். இல்லை அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு அவள் போய்த் தூசி தட்டினாள். வீட்டுப் பிள்ளை என்றால் கேட்கக் கூடாது, வீட்டுப் பிள்ளை என்றால் லீவு எடுக்கக் கூடாது, வீட்டுப் பிள்ளை என்றால் வெளியே போகவும் கூடாது. சாயங்காலம் மட்டும் அந்தப் பிள்ளை பஸ் ஏறித் தன் வீட்டுக்குப் போய்விடுகிறது. அங்கே அம்மா மடியில் முறம் மாதிரியான சுளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருப்பாள். கண்ணில் புரை விழுந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இலை தெரியவில்லை, தூள் தெரியவில்லை, நூல் சுத்தமாகத் தெரியவில்லை, விரலாலேயே தடவித் தடவிச் சுற்றுகிறாள். சுற்றியதில் பாதியைக் கம்பெனி ஆள் கழித்துப் போடுகிறான். ஆபரேஷன் இலவசம்தான், ஆனால் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் குனிந்து உட்காரக் கூடாது, அந்த ஒரு மாதம் பீடி இல்லை, பீடி இல்லாமல் இசக்கியின் சம்பளத்தில் அந்த ஒரு மாதம் ஓடாது. இதைச் சொல்லி அம்மா சிரிப்பாள், எனக்குக் கண்ணு எதுக்குட்டி, விரலுதான் பாக்குதே என்று. இசக்கிக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டால் ஆத்திரமாக வரும். யார் மேல் ஆத்திரம் என்றுதான் பிடிபடாது.

அந்தக் கண்ணைச் சொல்லித்தான் இன்றைக்கு லீவு கேட்டாள். பொய்க்குக்கூட அம்மாவின் கண்தான் கிடைத்தது. போயிட்டு வா பிள்ளை, கண்ணு முக்கியம், அங்கே கம்பவுண்டர் ஒருத்தர் நமக்கு வேண்டியவர், சொல்லி வைக்கட்டுமா என்றார். வேண்டாம் அண்ணாச்சி, வேண்டாம் அண்ணாச்சி என்று இரண்டு தடவை சொன்னாள். சொல்லி வைத்திருப்பாரோ. கம்பவுண்டர் வாசலில் வந்து தேடியிருப்பாரோ. தேடட்டும். மணி பத்து இருபத்தெட்டு. படிவத்தில் பெயர் எழுதியாயிற்று, வயது முப்பத்தொன்று எழுதியாயிற்று, படிப்பு பிளஸ் டூ, டைப்ரைட்டிங் லோயர், கம்ப்யூட்டர் ஹார்டுவேர் ஆறு மாத சர்டிஃபிகேட், ஞாயிற்றுக்கிழமைகளில் படித்தது. அதற்குக் கீழே ஒரு கட்டம். தற்போது வேலை செய்யும் இடம், உரிமையாளர் பெயர், தொலைபேசி எண். பேனா அங்கே வந்து நின்றுவிட்டது. விட்டுவிடலாமா. வெறும் கட்டமாக இருந்தால் எட்டு வருஷம் எங்கே போயிற்று என்று கேட்பார்கள். நம்பரில் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதலாமா. கடைசி ஆறை எட்டாக்கினால் யார் கண்டது. யாரோ ஒரு பாவப்பட்டவன் போனை எடுப்பான், ராங் நம்பர் என்பான். அந்த யோசனை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அவள் யோசித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே கை எழுதி முடித்துவிட்டது. அந்த நம்பரை எத்தனை ஆயிரம் ரசீதில் எழுதியிருக்கும் அந்தக் கை. அதற்குப் பொய் நம்பர் எழுதத் தெரியவில்லை. எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது பையில் போன் அதிர்ந்தது. அண்ணாச்சி. எடுக்கவில்லை. அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. படித்துவிட்டார். பத்துத் தாள் வைத்துவிட்டார், கடிதம் வந்து விழுந்துவிட்டது, எடுத்துப் படித்துவிட்டார், அந்த வரிக்கு வந்துவிட்டார். மறுபடி அதிர்ந்தது. பையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் பாலிடெக்னிக் முடித்து வந்திருந்த இளைஞன் ஒருவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். இங்கே வேலை கிடைக்காவிட்டால் அங்கேயும் இல்லை. இனி எந்த முகத்தோடு போய் அந்த ஸ்டூலில் உட்கார. அம்மாவிடம் என்ன சொல்ல. சுளவை எடுத்து வைத்துக்கொண்டு தானும் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான். அம்மாவுக்குக் கண் இல்லை, தனக்குக் கை ஓடாது, இரண்டு பேரும் சேர்ந்து சுற்றினால் கம்பெனி ஆள் மொத்தத்தையும் கழிப்பான். நினைக்கச் சிரிப்பு வந்தது. கீழே போய்விடலாம். படிவத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, மாடிப்படி இறங்கி, பஸ் ஏறி, கடைக்குப் போய், காலில் விழாத குறையாக ஏதாவது சொல்லி, அந்தத் தாள்களை வாங்கிக் கிழித்து. உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை, நாற்காலியின் பிளாஸ்டிக் முதுகில் ஒட்டிக்கொண்டது. இசக்கியம்மாள் யாரு என்று உள்ளேயிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

ஜெயசிங் என்று மேசையில் பெயர்ப்பலகை இருந்தது. ஐம்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். சர்டிஃபிகேட்டையெல்லாம் அவர் பார்க்கவில்லை, ஓரமாக இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைக் காட்டினார். ஓடவில்லை, ஓட வையுங்கள், அரை மணி நேரம் என்றார். அவர்கள் வேண்டுமென்றே ஏதோ செய்து வைத்திருப்பார்கள், அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் பரீட்சை. இசக்கியம்மாள் சுவிட்சைப் போட்டாள். காற்றாடி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது, உள்ளேயிருந்து விட்டுவிட்டுப் பீப் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும், யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும், காலையிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது. என்ன வலிக்கிறது என்று இது ஒன்றாவது நேராகச் சொல்கிறதே. மூடியைக் கழற்றினாள், மெமரியை உருவினாள், பொன் நிறப் பற்களில் கறுப்பு படிந்திருந்தது. கைப்பையிலிருந்து அழிரப்பரை எடுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை தப்புக் கணக்கை அழிக்கிற மாதிரி, மேலும் கீழுமாகத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அண்ணாச்சி படித்துக்கொண்டிருந்தார். ஊதினாள், திருப்பிச் சொருகினாள், அண்ணாச்சி அந்த வரியை இரண்டாம் தடவை படித்தார். திரை வெளுத்தது. ஆனால் கம்ப்யூட்டர் தேதியைத் தப்பாகக் காட்டியது, பல வருஷத்துக்கு முந்தின ஒரு ஜனவரி ஒன்று. சரி செய்து, அணைத்து, மறுபடி போட்டாள். மறுபடி அதே ஜனவரி ஒன்று. உள்ளே இருக்கிற சின்ன செல் தீர்ந்துவிட்டது சார், மாற்றினால் சரியாகிவிடும் என்றாள். ஜெயசிங் இழுப்பறையைத் திறந்து ஒரு செல்லை மேசையில் உருட்டிவிட்டார். அவள் போட்டாள். இன்றைய தேதி நின்றது. பன்னிரண்டு நிமிஷம் என்றார் அவர், கடிகாரத்தைப் பார்த்து. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகுதான் பேச்சைத் தொடங்கினார். ஆள் தேவைதான், நாளைக்கே வரலாம். ஆனால் சம்பளம் இரண்டு விதம். அனுபவம் இருந்தால் ஒன்று. அந்தத் தொகையை அவர் சொன்னபோது இசக்கியம்மாளுக்கு, அம்மா கண் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் முழுக்க மல்லாந்து படுத்திருப்பது கண்ணில் வந்து போனது. அனுபவம் இல்லாவிட்டால் முதல் வருஷம் பயிற்சிச் சம்பளம், அது அண்ணாச்சி தருவதைவிடக் குறைவு. அனுபவம் என்றால் நீங்கள் சொன்னால் போதாதும்மா, வேலை பார்த்த இடத்தில் சொல்ல வேண்டும், ஒரு போன் பண்ணிக் கேட்போம், எல்லோருக்கும் அப்படித்தான் என்றார். சொல்லிக்கொண்டே படிவத்தைப் பார்த்து நம்பரை அமுக்கி, ஸ்பீக்கரைப் போட்டு, போனை மேசை நடுவில் வைத்தார். வேண்டாம் சார் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.

அண்ணாச்சியின் குரல் வந்தது. பின்னால் ஆட்கள் பேசுகிற இரைச்சல், அதற்கும் பின்னால் பிரிண்டர் ஓடுகிற சத்தம். அந்தச் சத்தத்தை அவள் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பாள். ஜெயசிங் தான் யார் என்பதைச் சொல்லாமல், இசக்கியம்மாள் என்று ஒருவர் அங்கே வேலை பார்க்கிறாரா என்று கேட்டார். எட்டு வருஷமா இருக்கு, தங்கமான பிள்ளை, நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி என்றார் அண்ணாச்சி, பெருமையாக. கம்ப்யூட்டர் ரிப்பேரெல்லாம் பார்ப்பாரா என்று ஜெயசிங் கேட்டார்.

"ரிப்பேரா? அது பொம்பளப் பிள்ளைல்லா சார். ஜெராக்ஸ் எடுக்கும், மனு அடிக்கும். மெஷின் வேலையெல்லாம் நானே பாத்துருவேன்."

ஜெயசிங் அவளைப் பார்க்கவில்லை. அவள் ஓட வைத்த கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிறகு பேனாவை எடுத்து அனுபவம் என்ற கட்டத்தின் மேலே நிறுத்தினார். இசக்கியம்மாள் வேலை கேட்டு வந்திருக்கிறார், இங்கேதான் இருக்கிறார் என்றார் போனில். அந்தப் பக்கம் பிரிண்டர் மட்டும் பேசியது. அது ஆஸ்பத்திரிக்குல்லா போயிருக்கு என்றது பிறகு அண்ணாச்சியின் குரல், பாதியாக. இசக்கியம்மாளுக்குக் காது இரண்டும் கொதித்தது. நான் இங்கனதான் இருக்கேன் அண்ணாச்சி என்றாள். சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"இசக்கியா? ரெண்டு மட்டம் போன் போட்டேன், எடுக்கலியே பிள்ளை. சரி, அதை விடு. இந்த மூணாம் நம்பர்ல என்ன செஞ்சு வச்சிருக்க? பேப்பர் வைக்க வைக்க ஒரே கடுதாசியால்லா வந்துக்கிட்டிருக்கு. ஆளுவ மனுவோட நிக்காவ. நிறுத்தத் தெரிய மாட்டேங்கு."

"படிச்சியளா அண்ணாச்சி?"

"மேல ஒன் பேரு இருந்துச்சு. ஒன் கடுதாசியை நான் எதுக்குப் படிக்கணும்? கவுத்திப் போட்டு வச்சிருக்கேன்."

படிக்கவில்லை. காலையிலிருந்து அவர் படித்துக்கொண்டே இருந்தது அவள் தலைக்குள் மட்டும்தான். தப்பித்தாயிற்று. கீழே வலது ஓரத்தில் பிரிண்டர் படம் இருக்கும் அண்ணாச்சி, அதை இரண்டு தடவை அமுக்குங்கள், எல்லாவற்றையும் கேன்சல் பண்ணுங்கள் என்று சொன்னால் தீர்ந்தது. வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவர் கவிழ்த்துப் போட்டதைக் கவிழ்த்தபடியே சாயங்காலம் போய் எடுத்துக்கொள்ளலாம். வேறு வேலை பார்க்கப் போனதுக்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், மூன்றாம் நாள் மதினியிடமிருந்து தூக்குச்சட்டி வரும். எல்லாம் பழையபடி ஆகிவிடும். பழையபடி. அந்தச் சொல்லில் வந்து அவள் மனம் இடறி நின்றது. பழையபடி ஸ்டூல், பழையபடி ஸ்குரூ டிரைவர், பழையபடி குமாஸ்தாக்கள் அண்ணாச்சியின் கையைக் குலுக்குவார்கள், பழையபடி அம்மாவின் விரல் பார்க்கும். இவ்வளவு நல்ல மனுஷன். அடுத்தவள் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்று கவிழ்த்து வைக்கிற மனுஷன். அவரிடம் ஒரு தரம்கூட அந்த வரி சொல்லப்படாமலே போய்விடும். ஜெயசிங்கின் பேனா கட்டத்தின் மேல் இறங்கப் பார்த்தது.

"நிறுத்த ரெண்டே அமுக்குதான் அண்ணாச்சி, சொல்லித் தாரேன். அதுக்கு முன்னால அதுல ஒண்ணை எடுத்துப் படிங்க. சத்தமாப் படிங்க, சாரும் கேக்கட்டும்."

தாள் சரசரத்தது. கலெக்டருக்குக் கொடுக்க மனு அடித்தால் அதைக் கொடுத்தவர்களுக்கு வாசித்துக் காட்டி, ஒவ்வொரு வரிக்கும் சரிதானா என்று கேட்டு, அவர்கள் ஆமா என்ற பிறகே கையெழுத்து வாங்குவது அண்ணாச்சியின் பழக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வருகிற இடம், தப்பு நடந்துவிடக் கூடாது என்பார். இன்றைக்கும் அதே குரலில், மெதுவாக, அப்படித்தான் வாசித்தார். மதிப்பிற்குரிய ஐயா, என் பெயர் இசக்கியம்மாள், வயது முப்பத்தொன்று. சரிதானா? ஆமா என்றாள். கடந்த எட்டு ஆண்டுகளாக நான் பணிபுரியும் கடையில் உள்ள ஐந்து கணினிகளையும் இரண்டு பிரிண்டர்களையும் நானே பழுது பார்த்து வருகிறேன். இங்கே நிறுத்தினார். சரிதானா என்று கேட்டது அவர் குரல்தான், ஆனால் ரொம்பவும் இறங்கியிருந்தது. ஆமா என்றாள். ஆமா, சரிதான் சார் என்று அவரும் சொன்னார், ஜெயசிங்குக்கு. ஜெயசிங் கட்டத்தில் எட்டு என்று எழுதினார். போனை எடுத்து வைக்கக் கையை நீட்டினார். அவள் தலையை ஆட்டித் தடுத்தாள்.

"இன்னும் ஒரு வரி இருக்கு அண்ணாச்சி."

அண்ணாச்சி வாசித்தார். ஆனால் அங்கே நான் செய்யும் வேலைக்கு மதிப்பில்லை. தட்டில் காகிதம் தீர்ந்திருக்க வேண்டும், பிரிண்டர் சத்தம் நின்றிருந்தது. அவர் சரிதானா என்று கேட்பார் என்று இசக்கியம்மாள் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, வயதான மூச்சு. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா அண்ணாச்சி," என்றாள்.